தங்கச்சி போடாத ஜாமீன்

ஞாயிற்றுக்கிழமைகளில் ராமலிங்கம் தங்கை வீட்டுக்கு வந்தால் நேராகச் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா நாஷ்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். அன்றைக்கு அப்படிக் கேட்கவில்லை. முசரவாக்கத்திலிருந்து அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து வந்தவர், மச்சான் வீரபாகு எடுத்துப் போட்ட நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மணியம்மாள் தட்டில் தோசையை வைத்து நீட்டியபோது, "அப்பால சாப்பிடறேன்" என்றார்.

அண்ணன் பசியைத் தள்ளிப் போட்டு மணியம்மாள் பார்த்ததில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளும் சுவரோரமாக உட்கார்ந்தாள்.

"லாரி ஒண்ணு பேசியிருக்கேன்" என்றார் ராமலிங்கம்.

வீரபாகுவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. வாடகை சைக்கிள் கடை வைத்திருப்பவன் அவன். சக்கரம் வைத்த எதைப் பற்றிப் பேசினாலும் அவனுக்குச் சந்தோஷம்தான். "இன்னா வண்டி மச்சான்? யாருது?"

"ராணிப்பேட்டைக்காரர் வண்டி. பென்ஸு. பழசுதான், ஆனா இஞ்சின் நல்லா இருக்குது. நானே ஆத்தூர் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். இருபத்தெட்டாயிரம் சொல்றாரு."

ராமலிங்கம் பதினைந்து வருடமாக அடுத்தவர் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தவர். நெல், செங்கல், கொத்தவால்சாவடிக்குக் காய்கறி என்று எதை ஏற்றச் சொன்னாலும் ஏற்றிப் போய்ச் சேர்த்துவிட்டு, படிக்காசு வாங்கிக்கொண்டு வருபவர். சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்கிற ஆசை அவருக்குள் எத்தனை காலமாக இருக்கிறது என்பது அந்த அறையில் இருந்த மூவருக்கும் தெரியும்.

"பேங்க்கெல்லாம் சர்க்கார் எடுத்துக்கினப்பறம் டிரைவருக்குக்கூடக் கடன் குடுக்கறாங்க. இருபதாயிரம் குடுக்கறேன்னுட்டாங்க. மீதி எட்டாயிரத்துக்கு எருதை வித்து, அண்ணி கழுத்துல கிடந்ததை வெச்சு, கழனியை அடமானம் போட்டு எல்லாம் பொரட்டிட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. மாசச் சம்பளக்காரங்க யாராவது ஜாமீன் போடணுமாம்."

அவர் அதைத் தரையைப் பார்த்துச் சொன்னார்.

மணியம்மாள் பிள்ளையார்பாளையம் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவர்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கும் ஒரே ஆள். "மாசத்துக்கு எவ்வளவுண்ணா கட்டணும்?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் லாரியே கட்டிக்கும்."

"இல்லண்ணா, எவ்வளவு?"

ராமலிங்கம் தலையை நிமிர்த்தினார். "கட்டப்போறது நானு. உன்னை ஒரு கையெழுத்துதான் கேக்கறேன்."

கேள்வி கேட்டதே அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. வீரபாகு மனைவியை முறைத்தான். மணியம்மாள் கீழே இருந்த தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "புதன்கிழமைக்குள்ள சொல்றேண்ணா" என்றாள். அவர் தட்டை இழுத்து ஒரே ஒரு தோசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, கை கழுவி, கிளம்பிவிட்டார்.

சைக்கிள் தெருமுனை திரும்பியதுமே வீரபாகு பிடித்துக்கொண்டான். "யோசிக்க இன்னா இருக்குது இதுல? உன்னைப் படிக்க வெக்க ஏரிக்கரைக் கழனியை வித்த மனுஷன். அதை வித்தப்ப ஊரே சிரிச்சுது. பொட்டப்புள்ளையைப் படிக்க வெக்கக் கழனியை விக்கறாம் பாருன்னு."

அது உண்மை. அப்பா போன மறு வருடம் அது நடந்தது. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது, பணம்தான் இல்லை. ராமலிங்கம் யாரிடமும் கேட்கவில்லை. அரை ஏக்கரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, தங்கையின் டிரங்குப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு விடுதியில் விட்டுவிட்டு வந்தார். ஒவ்வொரு மாதமும் சம்பளப் பணத்தைக் கையில் வாங்கும்போது மணியம்மாளுக்கு அந்தக் கழனி நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

ஆனால் ஜாமீன் என்றால் என்ன என்பதும் அவளுக்குத் தெரியும். அர்ஜுனன் என்று ஒரு வாத்தியார் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கியபோது, எல்லோரும் போடுகிறார்களே என்று அவளும் கையெழுத்துப் போட்டாள். அவர் மாற்றலாகிப் போய் வேலையையும் விட்டுவிட்டார். மாதம் முப்பது ரூபாய் அவள் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றரை வருடம், வாங்காத கடனைக் கட்டினாள். அந்த நாட்களில் பிள்ளைகளுக்குப் பால் வாங்குவதை நிறுத்தியது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மத்தியான இடைவேளையில் அவள் காந்தி ரோட்டில் இருந்த பேங்க்குக்குப் போனாள். அந்தக் கிளையின் தலைமை அதிகாரியான ஏஜெண்ட் திருஞானசம்பந்தம் பொறுமையான மனிதர். உட்காரச் சொன்னார். ராமலிங்கத்தின் தங்கை என்றதும் விண்ணப்பத்தைத் தேடி எடுத்தார்.

"அண்ணன் கட்டலேன்னா நான் எவ்வளவு கட்டணும் சார்?"

"பாக்கி எவ்வளவோ அவ்வளவும்மா. வட்டியோட."

"மாசத் தவணை எவ்வளவு?"

"அறுநூறு ரூபா சொச்சம் வரும். நாலு வருஷம்."

மணியம்மாள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். அவள் கைக்கு வரும் சம்பளம் இருநூற்றுச் சில்லறை. முழுச் சம்பளத்தையும் அப்படியே கொண்டுவந்து கட்டினாலும் தவணையில் பாதியைக்கூட எட்டாது.

அவள் முகத்தைப் பார்த்து ஏஜெண்ட் சமாதானமாகச் சொன்னார். "இதெல்லாம் ஒரு ரூலுக்காகக் கேக்கறதும்மா. நூத்துல தொண்ணூறு கேஸ்ல ஜாமீன்தாரர் வரைக்கும் போகவே போகாது."

"போகாதுன்னா எதுக்கு சார் கேக்கறீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பள்ளிக்கூடம் திரும்பும் வழியெல்லாம் அவளுக்குள் ஒரே எண்ணம்தான். அண்ணன் நல்லவர். குடிக்க மாட்டார். தூங்காமல் ஓட்டுவார். ஆனால் லாரிக்கு அதெல்லாம் தெரியாதே. ஒரு அச்சு முறிந்து இரண்டு மாதம் படுத்தால்? அவருக்கே காய்ச்சல் வந்து கிடந்தால்? எருது போய்விட்டது, நகை போய்விட்டது, கழனி அடமானத்தில் இருக்கிறது. அவரிடம் விழுந்தால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அப்புறம் எல்லாம் அவள்மேல் வந்து விழும், அவளாலும் தாங்க முடியாது. நான் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கட்ட முடியாது என்று மனதுக்குள் தெரிந்து வைத்திருப்பது எந்த வகையில் சேர்த்தி?

புதன்கிழமை சாயங்காலம், தபாலாபீஸ் கணக்கில் இருந்த இரண்டாயிரத்தில் ஆயிரத்து இருநூறை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு முசரவாக்கம் பஸ் ஏறினாள். மீதி எண்ணூறை என்ன ஆனாலும் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அவசரத்துக்கு அதுதான் இருந்தது.

ராமலிங்கம் மாட்டுக் கொட்டகையில் நின்றிருந்தார். எருது இல்லாத கொட்டகை பெருக்கிச் சுத்தமாக இருந்தது. அண்ணி அங்கம்மாள் காபி கொண்டுவந்து கொடுத்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் தெரிந்தது. அதைப் பார்த்ததும் மணியம்மாள் காபியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டாள். என்றாலும் சொல்ல வந்ததைச் சொல்லாமல் போகக் கூடாது என்று, நின்ற நிலையிலேயே சொன்னாள்.

"அண்ணா, என்னால ஜாமீன் போட முடியாதுண்ணா. மாசம் அறுநூறு. என் சம்பளமே அதுல மூணுல ஒரு பங்குதான். ஏதாவது ஒண்ணுன்னா என்னால உன்னைக் காப்பாத்தவும் முடியாது, நானும் எந்திரிக்க முடியாது." முடிச்சை அவிழ்த்தாள். "இதை வெச்சுக்கோண்ணா. திருப்பித் தர வேணாம். ஆறு மாசம் பொறுத்து, கழனி அடமானத்தை மீட்டுக்கினு, சின்ன வண்டியா பாரு. அதுக்கு என்னால ஆனதைச் செய்யறேன்."

ராமலிங்கம் பணத்தைப் பார்க்கவில்லை. "நான் பிச்சை கேட்டு வரலையே."

"பிச்சை இல்லண்ணா."

"உன்னைச் சேர்க்கறப்ப, இவளுக்கு எத்தினி சம்பளம் வரும், நமக்கு எத்தினி திரும்பும்னு நான் கணக்குப் போட்டுக்கினு இருந்தேனா?"

அவர் கணக்குப் போடவில்லைதான்.

அங்கம்மாள் உள்ளே இருந்தே சொன்னாள். "விடுங்க. படிச்சவங்க அப்படித்தான். அவங்களுக்கு அவங்களைத்தான் தெரியும்."

பணத்தை மறுபடி முடிந்துகொண்டு மணியம்மாள் ரோட்டுக்கு வந்தாள். எப்போதும் பஸ் ஏற்றிவிட வரும் அண்ணன் அன்றைக்கு வரவில்லை.

அடுத்த வாரம் ஒரு நாள் கடைசி மணி அடிக்கும் நேரத்தில், நாலாம் வகுப்பு டீச்சர் காந்தா அவளிடம் வந்தாள். வயதான அம்மாவை வைத்துக்கொண்டு தனியாக இருப்பவள். உத்திரமேரூரிலிருந்து மாற்றலாகி வந்தபோது அவளுடைய சாமான்களையெல்லாம் லாரியில் ஏற்றிவந்து, கூலி வாங்காமல் இறக்கிக் கொடுத்தவர் ராமலிங்கம்தான்.

"மணியக்கா, உங்க அண்ணன் நேத்து வீட்டுக்கு வந்தாரு. எங்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"இன்னாது?"

"அர்ஜுனன் சார் ஜாமீன் உங்க பேர்ல இருக்கறதால, ரூல்படி நீங்க இன்னொண்ணு போட முடியாதாமே. பாவம், அவரு இடிஞ்சு போயிருக்காரு. நான் போடறேன்னு சொல்லிட்டேங்கா. உங்க அண்ணன்னா யோசிக்கறதுக்கு இன்னா இருக்கு. நாளைக்குப் பதினோரு மணிக்கு பேங்க்குக்கு வரச் சொல்லியிருக்காங்க. பர்மிஷன் எழுதிக் குடுத்துட்டேன்."

மணி அடித்தது. பிள்ளைகள் அவர்கள் இருவருக்கும் நடுவே புகுந்து ஓடினார்கள். மணியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணன் சொன்னது பொய் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் காந்தா அவரை என்னவென்று நினைப்பாள்? அந்தத் தயக்கத்தில் காந்தா குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

வீட்டில் சொன்னபோது வீரபாகு கையெடுத்துக் கும்பிடாத குறை. "நீ போடலை. சரி, அது உன் இஷ்டம். வேற ஒருத்தங்க போடறதையும் போய்த் தடுக்காதே. மச்சான் அப்பறம் இந்த வாசப்படி ஏற மாட்டாரு."

"அவ என் முகத்துக்காகப் போடறா. அண்ணன்கிட்ட மிச்சம் ஒண்ணும் இல்லைன்னு அவளுக்குத் தெரியுமா?"

"மச்சான் கட்டிடுவாருன்னு நினைச்சுக்கோயேன்."

"நினைச்சுக்க முடிஞ்சிருந்தா நானே போட்டிருப்பேனே."

மறுநாள் காலை அவள் வகுப்பில் வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் வீடுகளில் தறிச்சத்தம். ஜன்னல் வழியே காந்தா வெளியே போவது தெரிந்தது. புதிதாகத் தேய்த்த புடவை கட்டியிருந்தாள். பிள்ளைகள் எட்டாம் வாய்ப்பாட்டை முடித்துவிட்டு அடுத்ததற்காகக் காத்திருந்தார்கள். டீச்சர் ஒன்றும் சொல்லாமல் நிற்பதைப் பார்த்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மணியம்மாள் சாக்பீஸை மேசையில் போட்டாள். அடுத்த வகுப்பு டீச்சரிடம், "கொஞ்சம் பார்த்துக்கோங்க, அவசரம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

தெரு முழுக்கப் பாவு கட்டியிருந்தார்கள். கஞ்சி போட்ட பட்டு இழைகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கம்பங்களுக்கு நடுவே விறைப்பாக நீண்டிருந்தன. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று நீவிக்கொண்டிருந்தார்கள். தாண்டவும் முடியாது, குனிந்து நுழையவும் கூடாது. "சுத்திக்கினு போங்க டீச்சரம்மா" என்றார் ஒருவர். அவள் பின்தெரு வழியாகச் சுற்றினாள். அந்தத் தெருவிலும் பாவு. மறுபடி திரும்பி, குளத்தோரமாக நடந்து, அப்புறம் நடை போதாமல் ஓடினாள். டீச்சர் ஓடுவதை வாசலில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கச்சபேஸ்வரர் கோயில் பக்கம் வந்தபோது ஒரு ரிக்‌ஷா கிடைத்தது.

பேங்க்கில் கூட்டம். பட்டு முதலாளிகளின் ஆட்கள் கவுண்டரை மறித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே ஏஜெண்டின் மேசைக்கு இந்தப் பக்கம் காந்தாவும் ராமலிங்கமும் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ராமலிங்கம் வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதி வைத்திருந்தார். ஏஜெண்ட் ஒரு விரலால் தாளில் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். காந்தா பேனாவைத் திறந்துவிட்டாள்.

"காந்தா."

மூன்று பேரும் திரும்பினார்கள். மணியம்மாளுக்கு மூச்சு வாங்கியது. அண்ணனின் முகத்தைப் பார்த்தால் பேச வராது என்று காந்தாவை மட்டும் பார்த்தாள்.

"ரூல்னு ஒண்ணும் இல்லை காந்தா. அர்ஜுனன் சார் ஜாமீன் எப்பவோ முடிஞ்சுபோச்சு. அண்ணன் எங்கிட்டதான் முதல்ல கேட்டாரு. நான் மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"மாசம் அறுநூறு ரூபா தவணை. லாரி நின்னுபோச்சுன்னா அதை நீ கட்டணும். சாரையே கேளு."

காந்தா ஏஜெண்டைப் பார்த்தாள். அவர் மெல்லத் தலையசைத்தார். காந்தா பேனாவை மூடினாள். அதன் மூடி சரியாக உட்காரவில்லை, இரண்டு முறை திருகினாள்.

ராமலிங்கம் எழுந்தார். கோபப்படுவார் என்று மணியம்மாள் எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம். "வரேன் சார்" என்று ஏஜெண்டிடம் மட்டும் சொல்லிவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தங்கையை உரசாமல் ஒதுங்கி வெளியே போனார்.

வெளியே வந்ததும் காந்தா நின்றாள். அவள் கண்ணில் நீர் நின்றது. நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்திருந்தால் அது தப்பு.

"நேத்தே சொல்லியிருக்கலாமேக்கா. அத்தினி பேர் பாக்க என்னைக் கொண்டு வந்து உக்கார வெச்சு, அவரையும் தலைகுனிய வெச்சு. நேத்து சாயங்காலம் ஒரு வார்த்தை. அவ்வளவுதானே?"

"வாய் வரலை காந்தா."

"எனக்குப் போறதுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். ஒரே பள்ளிக்கூடத்துக்குத்தான் இருவரும் போகவேண்டியிருந்தது. மணியம்மாள் பத்தடி பின்னால் போனாள். அதற்குப் பிறகு காந்தா பேசாமல் இல்லை. ஆனால் சாப்பாட்டு டப்பாவை அவள் பக்கத்தில் வந்து திறப்பதை நிறுத்திவிட்டாள்.

ராணிப்பேட்டைக்காரர் ரொம்ப நாள் காத்திருக்கவில்லை. தாமலைச் சேர்ந்த கலியன் என்பவர் அதே பேங்க்கில் கடன் போட்டு அந்த லாரியை வாங்கினார். அவருக்கு ஏற்கனவே ஒரு நெல் மில் இருந்தது. நல்ல டிரைவர் வேண்டும் என்று தேடி, ராமலிங்கத்தையே கூப்பிட்டு வைத்துக்கொண்டார். இதையெல்லாம் மணியம்மாள் மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். அண்ணன் வரவில்லை. தீபாவளிக்கு அவள் கொடுத்தனுப்பிய வேட்டியை அங்கம்மாள் வாங்கி வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். வீரபாகு, நான் அப்பவே சொன்னேனே என்று வாரத்துக்கு ஒரு தரம் சொன்னான்.

சில நாள் சாலையில் அந்த லாரி போவதை அவளே பார்த்தாள். நெல் மூட்டைகளை நிறைத்துக்கொண்டு போனது. நன்றாகத்தான் ஓடியது. அதைப் பார்த்த நாட்களில் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. தான் பயந்து கெடுத்துவிட்டோமோ என்று தோன்றும். பிறகு அறுநூறு என்கிற எண் நினைவுக்கு வரும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு வாழப் பழகிக்கொண்டாள்.

இரண்டு வருடம் கழித்து, டீசல் விலை ஏறி ரோட்டில் பாதி வண்டிகள் நின்றுபோன சமயம். ஒரு காலை மணியம்மாள் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது, லாரி ஒன்று கொஞ்சம் தள்ளிப் போய் ஓரங்கட்டி நின்றது. ஹாரன் அடித்தது. யாரையோ என்று இருந்தாள். மறுபடி அடித்தது. கதவு உள்ளிருந்தே திறந்தது.

அண்ணனுக்கு மீசை நரைத்திருந்தது. "ஏறு" என்றார்.

உயரமான படி. புடவையைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். செவிலிமேடு தாண்டியதும் அவராகவே பேசினார்.

"நடுவுல ரெண்டு மாசம் ஷெட்டுல கிடந்துச்சு. இஞ்சினைப் பிரிச்சுப் போட்டுட்டாங்க. அந்த ரெண்டு மாசமும் கலியன் மில்லுத் துட்டுலேருந்து பேங்க்குக்குக் கட்டினாரு."

மணியம்மாள் அவரைப் பார்த்தாள். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட மில்லு ஏது" என்றார். அதோடு நிறுத்திவிட்டு கியர் மாற்றினார். சற்றுப் பொறுத்து, "ஆனா இப்ப ஓடுது பாரு. தினமும் லோடு. இன்னும் ரெண்டு வருஷத்துல கடன் தீந்துபூடும். வண்டி அவருக்குச் சொந்தம். நாளெல்லாம் ஓட்டறது நானு" என்றார்.

"ஆமாண்ணா."

"இன்னிக்கு வந்து கேட்டா போடுவியா?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம்தான். அவருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

"மாட்டேண்ணா" என்றாள்.

முன்னால் போன மாட்டுவண்டிக்காக வேகத்தைக் குறைத்து, அது ஒதுங்கிய பிறகு மெதுவாகத் தாண்டினார். பிள்ளையார்பாளையம் திருப்பத்தில் நிறுத்தினார். லாரி அந்தத் தெருக்களுக்குள் போகாது.

அவள் இறங்கிக் கதவைச் சாத்தியபோது ஜன்னல் வழியே குனிந்து பார்த்தார்.

"மணி, அன்னிக்கு பேங்க்குல அத்தினி பேர் எதிர்ல நீ சொன்னியே. அதை நான் மறக்க மாட்டேன்."

எந்த அர்த்தத்தில் சொல்கிறார் என்று அவர் முகத்தில் தேடினாள். அதில் ஒன்றும் தெரியவில்லை.

"தெரியும்ணா" என்றாள். "அண்ணியைக் கேட்டதாச் சொல்லு."

லாரி கிளம்பியது. தூசி அடங்கும்வரை நின்றிருந்துவிட்டு, மணியம்மாள் பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தாள்.